பத்து சென்ட் விலையில் விண்வெளி

அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், பெரும்பாலும் பத்து சென்ட் விலையில் விற்பனையான அறிவியல் படக்கதைத் தொகுப்பிதழ்கள், மனிதன் புவியைவிட்டுக் கிளம்புவதற்கு வெகு முன்பே விண்வெளியை இளம் வாசகர்களின் கண்முன் நிறுத்தின. தொகுப்பிதழ் என்பது ஒரே நாயகனின் கதையை இதழ் முழுவதும் சொல்லாமல், ஒன்றோடொன்று தொடர்பில்லாத சிறுகதைகளையோ வெவ்வேறு நாயகர்களின் தனித்தனிச் சாகசங்களையோ ஓர் அட்டைக்குள் அடக்கித் தரும் இதழ் வகையாகும். மலிவான தாளில் அச்சாகி, படித்து முடித்ததும் பழைய காகிதத்தோடு சேர்ந்துவிட்ட இவ்விதழ்கள் சிறுவர்களின் பொழுதுபோக்காக மட்டுமே நெடுங்காலம் மதிக்கப்பட்டன. ஆயினும், அவற்றைக் கால வரிசையில் வைத்துப் படிக்கும்போது, துப்பாக்கியை நம்பியவனாகத் தொடங்கிய விண்வெளி நாயகன் படிப்படியாக அறிவை நம்புபவனாக மாறிய வரலாறும், அம்மாற்றத்தில் சிறுகதைத் தொகுப்பு என்னும் வடிவத்துக்கே இருந்த பங்கும் தெளிவாகப் புலப்படுகின்றன.

நாளிதழிலிருந்து தனி இதழுக்கு

இயற்பியலாளர் ராபர்ட் கோடார்டு, திரவ எரிபொருளால் இயங்கும் உலகின் முதல் ராக்கெட்டை 1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் ஏவினார். அது இரண்டரை நொடி மட்டுமே பறந்து, ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தைத் தொட்டது. அதே ஆண்டில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக், அறிவியல் புனைகதைக்கென்றே நடத்தப்பட்ட முதல் ஆங்கில மாத இதழான 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழைத் தொடங்கினார். அதன் 1928 ஆகஸ்ட் இதழில் பிலிப் நோலன் எழுதிய கதையின் நாயகன், சுரங்கம் ஒன்றில் கதிரியக்க வாயுவைச் சுவாசித்து மயங்கி, 492 ஆண்டுகள் உறங்கி, 2419ஆம் ஆண்டில் கண் விழிக்கிறான். இக்கதையே 1929 ஜனவரி 7 முதல் 'பக் ரோஜர்ஸ்' என்னும் பெயரில் நாளிதழ்ப் படக்கதையாக வெளிவந்தது. சரியாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1934 ஜனவரி 7 அன்று, அலெக்ஸ் ரேமண்ட் வரைந்த 'ஃபிளாஷ் கார்டன்' அதற்குப் போட்டியாக வந்து சேர்ந்தது.

நாளிதழ்ப் படக்கதை நாளுக்குச் சில கட்டங்களாகவோ வாரத்துக்கு ஒரு பக்கமாகவோ வெளிவந்தமையால், நாயகனை ஆபத்திலிருந்து மீட்டதும் வேறோர் ஆபத்தில் சிக்க வைத்து வாசகரை அடுத்த நாளுக்காகக் காத்திருக்கச் செய்ய வேண்டியிருந்தது. கதை முடிவதற்கான அவசியமே அங்கு எழவில்லை. தொகுப்பிதழின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே ஆறு அல்லது எட்டுப் பக்கங்களுக்குள் ஓர் உலகை அறிமுகப்படுத்தி, அதில் ஒரு சிக்கலை எழுப்பி, அதைத் தீர்த்தும் வைத்தாக வேண்டும் என்பதால், ஒரு கதைக்கு ஒரு கருதுகோள் என்னும் ஒழுங்கு காலப்போக்கில் தானாகவே உருவாயிற்று.

'பிளானட் காமிக்ஸ்' காட்டிய கோள்கள்

அறிவியல் புனைகதைக்கென்றே ஒதுக்கப்பட்ட தொடக்கக் காலப் படக்கதைத் தொகுப்பிதழ்களில் முதன்மையானது, ஃபிக்‌ஷன் ஹவுஸ் நிறுவனம் 1940 ஜனவரியில் தொடங்கிய 'பிளானட் காமிக்ஸ்' ஆகும். 1953 வரை 73 இதழ்கள் வெளிவந்தன. செவ்வாயில் போரிடும் ஃபிளின்ட் பேக்கர், வியாழனில் கொடும்பல் புலியால் வளர்க்கப்பட்ட ஆரோ, பெண்கள் படையை வழிநடத்தும் கேல் ஆலன் எனக் கோளுக்கு ஒரு நாயகரை அது உலவவிட்டது.

இவ்விதழ் வரைந்து காட்டிய கோள்கள் அனைத்தும் வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. அடர்ந்த மேகங்கள் மூடிய வெள்ளிக் கோளின் மேற்பரப்பு ஈரம் நிறைந்த சதுப்பு நிலமாக இருக்கும் என்று, நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ் 1918இல் எழுதியிருந்தார். செவ்வாயின் கோடுகள் அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்களே என்று வானியலாளர் பெர்சிவல் லோவெல் வாதிட்டதன் தாக்கமும் பொதுமக்களிடையே நீடித்திருந்தது. ஆகவே, வெள்ளியில் காடுகளையும் செவ்வாயில் பழம்பெரும் நகரங்களையும் வரைந்த ஓவியர்கள், தங்கள் காலத்தில் உலவிய அறிவியல் ஊகங்களை ஒட்டியே சென்றனர். வியாழனுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. அதன் வளிமண்டலத்தில் அம்மோனியாவும் மீத்தேனும் இருப்பதை ருப்பர்ட் வில்ட் 1932இலேயே இனங்கண்டிருந்தும், ஆரோவின் வியாழனில் புலிகள் தடையின்றி உலவின.

இவ்விதழின் நாயகர்கள் பெரும்பாலும் கைவலிமையால் வென்றவர்களே எனினும், அதன் பக்கங்களில் வேறு குரல்களும் இடம்பெற்றன. 'தி லாஸ்ட் வேர்ல்ட்' என்னும் தொடரில், வேற்றுக் கோளினரான வோல்டாமென் கைப்பற்றிய புவியின் இடிபாடுகளுக்கிடையே ஹன்ட் போமன் என்னும் வில்லாளி எதிர்ப்புப் போர் நடத்துகிறான். அத்தொடரை வரைந்தவர்களுள் ஒருவரான லிலி ரெனே, நாஜிகள் வசம் வீழ்ந்த வியன்னாவிலிருந்து யூதச் சிறுவர்களை மீட்ட திட்டத்தின்கீழ் இங்கிலாந்துக்குத் தப்பி, பின்னர் நியூயார்க் வந்து சேர்ந்தவர். ஆக்கிரமிக்கப்பட்ட நகரத்தை வரைவதற்கு அவருக்குக் கற்பனை தேவைப்பட்டிருக்காது. ஃபிரான் ஹாப்பர் உள்ளிட்டோர் வரைந்த 'மிஸ்டா ஆஃப் தி மூன்' தொடரிலோ, பேரழிவில் அழிந்துபோன மனித அறிவு முழுவதையும் தன் நினைவில் தாங்கி நிலவில் வாழும் பெண்ணொருத்தி நாயகியாகிறாள். நாயகரின் உண்மையான வலிமை அறிவே என்னும் கருத்து இத்தொடரிலேயே முளைவிட்டது எனலாம்.

தலைக்கவசம் கழன்ற இறுதிக் கட்டம்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டும் அமெரிக்காவின் அணுகுண்டும் கதையில் வந்தவற்றை மெய்யாக்கிக் காட்டியபின், வாசகரின் எதிர்பார்ப்பு மாறியது. வில்லியம் கெய்ன்ஸ் நடத்திய ஈ.சி. நிறுவனம் 1950இல் 'வியர்ட் சயின்ஸ்', 'வியர்ட் ஃபேண்டஸி' என்னும் இரு இதழ்களைத் தொடங்கி, இதழுக்கு நான்கு கதைகள் வீதம் வெளியிட்டது. பெரும்பாலான கதைகளை எழுதித் தொகுத்த ஆல் ஃபெல்ட்ஸ்டைன், நிலையான நாயகர்களைத் தவிர்த்தார்; ஆகவே விண்வெளி வீரன் வெல்லலாம், தோற்கலாம், இறக்கவும் செய்யலாம் என்னும் நிலை உருவாகி, கதையின் கருதுகோளே நாயகனின் இடத்தைப் பிடித்தது. வாலி வுட் வரைந்த விண்கலங்களின் உட்புறம், குழாய்களும் அளவிகளும் விசைகளும் அடர்ந்து, உண்மையில் இயங்கக்கூடிய எந்திரம் என்னும் உணர்வைத் தந்தது.

1953இல் 'வியர்ட் ஃபேண்டஸி'யின் 18ஆம் இதழில் ஜோ ஒர்லாண்டோ வரைந்த 'ஜட்ஜ்மென்ட் டே' என்னும் கதை இவ்வடிவத்தின் ஆற்றலுக்குச் சிறந்த சான்றாகும். எந்திர மனிதர்கள் மட்டுமே வாழும் சைப்ரினியா என்னும் கோள், விண்மீன் குடியரசில் சேரத் தகுதி பெற்றுவிட்டதா என்று ஆராய, புவியிலிருந்து டார்ல்டன் என்னும் ஆய்வாளர் வருகிறார். அங்கே ஆரஞ்சு நிற எந்திரங்களும் நீல நிற எந்திரங்களும் ஒரே உறுப்புகளால் செய்யப்பட்டு, மேலுறையின் நிறத்தால் மட்டுமே வேறுபட்டிருந்தும், நீல நிறத்தவை தனிக் குடியிருப்புகளுக்கும் தாழ்ந்த பணிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கண்டு, அக்கோளுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று அறிவித்துவிட்டுத் திரும்புகிறார். கதை முழுவதும் முகம் தெரியாதபடி தலைக்கவசத்துக்குள் இருந்த அந்த ஆய்வாளர், இறுதிக் கட்டத்தில் அதைக் கழற்றும்போதுதான், வியர்வைத் துளிகள் மின்னும் கறுப்பின மனிதராக வாசகருக்குக் காட்சி தருகிறார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்கு ஓராண்டு முன்பு வெளியான கதை இது.

படக்கதைகள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று வாதிட்டு மனநல மருத்துவர் ஃபிரடெரிக் வெர்தம் 1954இல் வெளியிட்ட நூலும், அதே ஆண்டு நடந்த செனட் விசாரணையும் பதிப்பாளர்களை ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்கச் செய்தன. இதே கதையை 1956இல் மறுபதிப்பு செய்ய முயன்றபோது, இறுதிக் கட்டத்தின் மனிதர் கறுப்பினத்தவராக இருத்தலாகாது என்று தணிக்கை அலுவலகம் தடை சொல்ல, கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் பணிய மறுத்து, ஒரு கோட்டையும் மாற்றாமல் அதை அச்சிட்டனர். அத்துடன் ஈ.சி. நிறுவனத்தின் படக்கதை இதழ்கள் முடிவுக்கு வந்தன.

நொடிக் கணக்கில் வரும் கதிர்

டி.சி. நிறுவனம் 1950இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் அட்வென்சர்ஸ்', 1951இல் தொடங்கிய 'மிஸ்டரி இன் ஸ்பேஸ்' ஆகிய இதழ்களின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், இளமையிலேயே அறிவியல் புனைகதை வாசகர்களுக்கான சிற்றிதழை நடத்தி, பின்னர் ரே பிராட்பரி உள்ளிட்ட எழுத்தாளர்களுக்கு முகவராகப் பணியாற்றியவர். அட்டைப் படத்தை முதலில் வரையச் செய்து, அதில் உள்ள புதிரை விளக்கும் கதையை அதன்பின் எழுதச் சொல்வது அவருடைய வழக்கம். விந்தையான ஒரு காட்சியை முன்வைத்து அதற்குக் காரணம் தேடச் சொன்ன இம்முறை, எழுத்தாளரைத் தருக்க முறையில் சிந்திக்கக் கட்டாயப்படுத்தியது.

சோவியத் ஒன்றியம் 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிய மறு ஆண்டில், ஷ்வார்ட்ஸும் எழுத்தாளர் கார்ட்னர் ஃபாக்ஸும் படைத்த ஆடம் ஸ்ட்ரேஞ்ச், 1959 முதல் 'மிஸ்டரி இன் ஸ்பேஸ்' இதழின் நாயகனானான். அவன் எதிர்கால வீரன் அல்லன். சமகாலத் தொல்லியல் ஆய்வாளன். ஆல்ஃபா செண்டாரி விண்மீனைச் சுற்றும் ரான் என்னும் கோளின் அறிவியலாளர் புவிக்குச் செய்தி அனுப்ப ஏவிய ஸீட்டா கதிர், வழியில் விண்வெளிக் கதிர்வீச்சால் தன்மை மாறி, தன்மேல் படுபவரை ரானுக்கே கொண்டுசேர்க்கும் ஆற்றலைப் பெற்றுவிடுகிறது. கதிரின் விளைவு தேய்ந்ததும் நாயகன் புவிக்கே மீண்டுவிடுவதால், அடுத்த கதிர் எந்த இடத்தில் எந்த நொடியில் விழும் என்பதைக் கணக்கிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவனைப் போல அவன் அங்கே விரைய வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குள் மெய்யான இயற்பியல் கணிசமாக அடங்கியுள்ளது. ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு ஓர் ஒளியாண்டு எனப்படும். ஆல்ஃபா செண்டாரி ஏறத்தாழ 4.3 ஒளியாண்டு தொலைவில், அதாவது சுமார் 41 இலட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆகவே, இன்று வந்து விழும் கதிர் நான்கு ஆண்டுகளுக்கும் முன்பே புறப்பட்டதாகும். அதை இனித் திருப்பவோ நிறுத்தவோ எவராலும் இயலாது. மேலும், அவ்விண்மீன் வானின் தென்பகுதியில் இருப்பதால், கதிர் விழும் இடங்கள் பெரும்பாலும் தென் அரைக்கோளத்திலேயே அமைந்தன. நியூயார்க்கில் அமர்ந்து கதை படைத்தவர்கள் தங்கள் நகரிலிருந்து அவ்விண்மீனை ஒருபோதும் பார்த்திருக்க முடியாது. தமிழ்நாட்டிலோ மே, ஜூன் மாத முன்னிரவுகளில் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே அதை வெறுங்கண்ணால் காணலாம். கதிர்பட்ட நாயகன் கணப்பொழுதில் ரானை அடைவது இயற்பியலுக்கு ஒவ்வாததே எனினும், ஒளியின் வேகம் எல்லையுடையது என்னும் உண்மையைக் கதையின் அச்சாணியாக ஆக்கியமை சிறப்புக்குரியது. ரானை அச்சுறுத்தும் பகைவர்களையும் ஆடம் ஸ்ட்ரேஞ்ச் அவர்களுடைய ஆயுதம் எவ்விதியின்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தே பெரும்பாலும் வீழ்த்துகிறான். அவனைக் கார்மைன் இன்ஃபான்டினோவுடன் இணைந்து வரைந்த மர்ஃபி ஆண்டர்சன், 1940களில் 'பிளானட் காமிக்ஸ்' இதழில் 'ஸ்டார் பைரட்' தொடரை வரைந்தவர் என்பது, இரு காலகட்டங்களும் ஒரே கையால் இணைக்கப்பட்டதைக் காட்டுகிறது.

விண்வெளிக் கதையை மெய்யுலகோடு பிணைக்கும் இப்போக்கு அமெரிக்காவுக்கு வெளியேயும் காணப்பட்டது. பிரிட்டனில் 1950 ஏப்ரல் 14 அன்று வெளிவரத் தொடங்கிய 'ஈகிள்' வார இதழில் ஃபிராங்க் ஹாம்ப்சன் படைத்த டேன் டேர், பஞ்சத்தில் வாடும் புவிக்கு உணவு தேடி வெள்ளிக்குச் செல்கிறான். உணவுப் பங்கீடு இன்னும் நீங்காதிருந்த பிரிட்டனின் குழந்தைகளுக்கு அந்தப் பயணத்தின் நோக்கத்தை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பொய்த்த கணிப்புகளும் நிலைத்த முறையும்

1962 டிசம்பரில் வெள்ளியைக் கடந்த மேரினர்-2 விண்கலம் அக்கோள் கொதிக்கும் உலை என்பதை உறுதிப்படுத்தியது; அதன் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 460 டிகிரி செல்சியஸ் என்பது பின்னர் அளந்தறியப்பட்டது. 1965 ஜூலையில் மேரினர்-4 அனுப்பிய படங்களில் செவ்வாயின் கால்வாய்களுக்குப் பதிலாகப் பள்ளங்களே தெரிந்தன. அதன் காற்றழுத்தமோ புவியினுடையதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இரண்டே பயணங்களில் சதுப்பு நிலங்களும் பழம்பெரும் நகரங்களும் கதையுலகிலிருந்து மறைந்தன.

கோள்களைப் பற்றி இவ்விதழ்கள் கூறியவற்றில் பெரும்பகுதி இவ்வாறு பொய்த்துப்போனாலும், அவை பழக்கிய சிந்தனை முறை பொய்க்கவில்லை. ஒரே ஒரு மாறுதலை அனுமானித்து, மற்றவை எல்லாம் அதற்கேற்ப எவ்வாறு மாறும் என்று இறுதிவரை பின்தொடர்வதே அம்முறை. அறிவியலாளர்கள் மேற்கொள்ளும் சிந்தனைச் சோதனையும், அதாவது கருவிகளின்றி மனத்திலேயே ஒரு நிலைமையை அமைத்து அதன் விளைவுகளைத் தருக்கத்தால் வருவிக்கும் ஆய்வும், இதே அடிப்படையில் அமைந்ததாகும். 'ஜட்ஜ்மென்ட் டே' எந்திரங்களின் நிறத்தை வைத்துச் செய்ததும், ஸீட்டா கதிர் ஒளியின் வேகத்தை வைத்துச் செய்ததும் இதுவே.

2016இல் வானியலாளர்கள், ஆல்ஃபா செண்டாரித் தொகுதியைச் சேர்ந்த பிராக்சிமா என்னும் சிறு விண்மீனை 11.2 நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவரும் கோள் ஒன்றைக் கண்டறிந்தனர். ரான் இருப்பதாகக் கதை சொன்ன விண்மீன் தொகுதியில் உண்மையாகவே ஒரு கோள் இருப்பதைக் கதாசிரியரின் தீர்க்கதரிசனம் என்று புகழ வேண்டியதில்லை. சூரியனுக்கு அடுத்தபடியாகப் புவிக்கு மிக அருகில் உள்ள விண்மீன் தொகுதியைத் தேர்ந்து, அங்கே கோள் இருந்தால் என்னவாகும் என்று கேட்கும் துணிவு பத்து சென்ட் இதழுக்கு இருந்தது என்பதே மதிக்கத்தக்கது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே 5,000க்கும் மேற்பட்ட கோள்கள் உறுதி செய்யப்பட்டுள்ள இக்காலத்தில், சிறுவர்களுக்கு அறிவியல் எழுதுவோர் இவ்விதழ்களிடமிருந்து கற்க வேண்டியது விண்கலங்களின் வடிவத்தை அன்று. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு எட்டுப் பக்கங்களுக்குள் அதற்கு நேர்மையான விடை காணும் ஒழுங்கையே ஆகும்.