மலைமுகடும் பரவளைவும்: மாத்தளை நிலத்தில் ஆளில்லா வானூர்திக்கு ஓர் அலைவாங்கி

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறம் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளால் ஆனது. ரத்தோட்டை, கம்மடுவ முதலிய பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களும் லயக் குடியிருப்புகளும் மடிப்பு மடிப்பாக அமைந்த பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளியின்போது மலைநாட்டு மாவட்டங்கள் பலவற்றைப் போலவே மாத்தளையும் மண்சரிவுக்கும் வீதித் துண்டிப்புக்கும் உள்ளாயிற்று. இத்தகைய வேளையில் எந்த லயத்திற்குப் பாதை எஞ்சியுள்ளது, எந்தச் சரிவு வெடித்துள்ளது என்பனவே முதலில் அறியப்பட வேண்டியவை. மழையும் காற்றும் தணிந்ததும், ஒளிப்படக் கருவி பொருத்திய சிறு ஆளில்லா வானூர்தி (ட்ரோன்) இச்செய்தியைத் தரவல்லது. ஆயின் அது அனுப்பும் படம் தரையிலிருப்போரை வந்தடைய வேண்டும். அதற்குத் துணையாகும் பரவளைவு அலைவாங்கியை எளிய பொருள்களால் ஆக்கும் முறையையும், அதன் எல்லைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரவளைவு ஆற்றலைப் படைப்பதில்லை. சிதறி வருவதைத் திரட்டுகிறது. அதன் அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் யாவும் தெறித்து, குவியம் எனும் ஒரே புள்ளியை அடைகின்றன. எல்லாக் கதிர்களும் கடக்கும் தூரம் சமமாதலின் அவை ஒரே கட்டத்தில் சேர்ந்து வலுப்பெறுகின்றன. இத்தட்டு தரையில் நிறுவப்படுவது. வானூர்தி தனது சிறு அலைவாங்கியை மட்டுமே சுமந்து செல்லும்.

இக்கருத்து புதியதன்று. 1888 இல் ஹேட்ஸ் துத்தநாகத் தகட்டைப் பரவளைவாக வளைத்து மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். எளிய பொருள்களால் இதனைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றமைக்குச் சிறந்த சான்று நம் அயலிலேயே உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இந்தியாவில் நடைபெற்ற செய்மதிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனையில் ஏறத்தாழ 2400 கிராமங்கள் நேரடியாகப் படம் பெற்றன. அங்கு பயன்பட்ட தட்டுகள் கோழிக்கூட்டு வலையால் ஆனவை. விட்டம் சுமார் 3 மீற்றர். மீடிறன் 860 மெகாஹேட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். அலைநீளத்தில் பத்திலொரு பங்கிலும் சிறிய துளை அலைக்குப் பெரிதும் தடையாகவே தோற்றுமாதலால், வலை அங்கு உலோகத் தகடாகவே தொழிற்பட்டது.

சிறு வானூர்திகள் பெரும்பாலும் கையாளும் 2400 மெகாஹேட்ஸ் அளவில் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர். எனவே வலைக்கண் 1 சென்ரிமீற்றருக்கு உட்பட்டதாயிருத்தல் நன்று. வடிவப் பிழையும் அலைநீளத்தில் பதினாறிலொரு பங்கை, அதாவது 8 மில்லிமீற்றரை, விஞ்சலாகாது. 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டொன்றை எடுத்துக்கொள்வோம். குவியத்தூரம் விட்டத்தின் 0.4 மடங்காயின் அது 24 சென்ரிமீற்றர். நடுப்புள்ளியிலிருந்து ஒரு தூரத்தை வர்க்கித்து, குவியத்தூரத்தின் நான்கு மடங்கால், அதாவது 96 ஆல், வகுத்தால் அவ்விடத்து உயரம் கிடைக்கும். 10 சென்ரிமீற்றரில் 1.04, 20 இல் 4.17, விளிம்பாகிய 30 இல் 9.38 சென்ரிமீற்றர். இவ்வளவுகளைக் கடதாசி அட்டையில் குறித்து வெட்டிய வார்ப்புருவைக் கொண்டு மரச் சட்டங்களை அறுத்து, அவற்றின்மேல் வலையை இழுத்துக் கட்டலாம். குவியத்தில் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் நீளமுள்ள இருமுனைக் கம்பியையும், தட்டுக்கு எதிர்ப்புறமாக அதன் பின்னே 3 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு சிறு உலோகத் தகட்டையும் பொருத்த வேண்டும். கம்பியின் திசை வானூர்தியின் அலைவாங்கியின் திசையோடு ஒத்திருத்தல் அவசியம். மெல்லிய ஓரச்சு வடம் (கோஎக்சியல் கேபிள்) 3 மீற்றருக்குள் ஆற்றலின் பாதியளவை விழுங்கிவிடுமாதலின், வாங்கியைத் தட்டின் அருகிலேயே வைத்தல் வேண்டும்.

இத்தட்டின் திறன் 50 வீதம் எனக் கொண்டால், அது வெறும் இருமுனைக் கம்பியைவிடச் சுமார் 70 மடங்கு ஆற்றலைத் திரட்டும். தடையற்ற வெளியில் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறைவதால், எட்டும் தூரம் ஏறக்குறைய 8 மடங்காகும். இதற்குரிய விலை பார்வையின் குறுக்கம். கற்றையின் அகலம் சுமார் 15 பாகை மட்டுமே. 1 கிலோமீற்றர் தொலைவில் அது 250 மீற்றர் அகலத்தை அளாவும்; 100 மீற்றர் தொலைவிலோ 25 மீற்றரை மட்டுமே. எனவே வானூர்தியைத் தட்டு இழந்துவிடுவது அண்மையில்தான் எளிது. அண்மைக்குச் சாதாரண அலைவாங்கியும் சேய்மைக்குப் பரவளைவுமாக இரண்டையும் இணைத்துக் கையாளுதல் தகும்.

மலைமுகடு குறுக்கிட்டால் மேற்கண்ட கணக்குகள் யாவும் பயனற்றுப்போம். எழுபது மடங்குப் பெருக்கமும் பாறையை ஊடுருவாது. நேர்கோட்டுப் பார்வை இருந்தாலும் மட்டும் போதாது. அலை ஓர் அகன்ற வழியை வேண்டுகிறது. 4 கிலோமீற்றர்ப் பாதையின் நடுவில் அவ்வழியின் ஆரை சுமார் 11 மீற்றர். முகட்டு மரங்கள் இதனுட் புகுந்தால் படம் சிதையும். ஆதலின் மாத்தளை போன்ற நிலத்தில் தட்டைப் பெரிதாக்குவதைவிட நிற்குமிடத்தைத் தேர்வதே முதற்பணி. எந்த மேட்டிலிருந்து எந்த லயங்கள் தெரியும் என்பதை வரைபடத்தைவிட, அன்றாடம் கொழுந்து பறிக்க ஏறியிறங்கும் தொழிலாளர் நன்கறிவர்.

ஒன்று கவனிக்கத்தக்கது. தட்டு பெறுவதற்கு மட்டும் பயன்படின் பிறர்க்கு இடையூறில்லை. அதன் வழியே அனுப்பினால், ஒரே திசையில் செல்லும் ஆற்றலும் அவ்வாறே பெருகி விதித்த எல்லையைக் கடக்கக்கூடும். வானொலி அலைகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பொறுப்பிலும், வானூர்திகள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பொறுப்பிலும் அடங்குவன. கண்பார்வைக்கு அப்பால் செலுத்த விழைவோர் முன்னரே அனுமதி பெறல் வேண்டும்.

ஆகவே வலையும் மரச்சட்டமும் கொண்டு தட்டை ஆக்குவது ஒரு பாடசாலை விஞ்ஞானக் கழகத்திற்கும் இயலக்கூடிய பணியே. அனர்த்தம் நேர்ந்தபின் தொடங்கினால் மட்டுமே அது காலங்கடந்ததாகும். பார்வைமேடுகளைத் தோட்ட மக்களோடு நடந்து குறித்தலும், உரிய அனுமதியைப் பெறுதலும், தட்டை வெயிற்காலத்திலேயே சோதித்தலும் முன்கூட்டியே நிறைவுற வேண்டியவை. அவ்வாறு செய்துவைத்தால், வீதி அடைபட்ட நாளில் லயங்களின் நிலையை வெளியார் வரும்வரை காத்திராது அவ்வூராரே கண்டறிந்து கூற இயலும்.