தொட்டிச் செடிகளுக்கு இடும் உரமும் அது வீணாகும் விதமும்

தொட்டியில் வளரும் மல்லிகை, துளசி, குரோட்டன்ஸ் முதலிய செடிகள் உரமிட்ட சில நாட்களுக்குச் செழித்து, பின்பு இலை வெளுத்துப்போவதைப் பலரும் கண்டிருப்பார்கள். உரம் போதவில்லையென்று கருதி மேலும் இடுவது வழக்கம். ஆனால் இட்ட உரத்தில் கணிசமான பங்கு, ஊற்றும் தண்ணீரோடு தொட்டியின் அடித்துவாரத்தின் வழியே வெளியேறிவிடுகிறது என்பதே உண்மை.

நஷ்டத்தின் காரணம்

நிலத்தில் கீழிறங்கும் சத்தை ஆழ்ந்த வேர்கள் எட்டிப் பிடிக்கும். தொட்டியிலோ வேருக்குக் கீழே மண் இல்லை. யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து உண்டு. அது தண்ணீரில் உடனே கரையும். பின்பு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறும். இவ்விரண்டையும் மண் பற்றி நிறுத்துவதில்லை. மணிச்சத்தைக் களிமண் பிடித்துக்கொள்ளும். தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டியில் அதுவும் கசிந்து போகும்.

2015-ஆம் ஆண்டில், உள்நாட்டு யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசியே தயாரிக்க மத்திய அரசாங்கம் கட்டளையிட்டது. வேம்பு, நைட்ரேட்டாகும் மாறுதலைத் தாமதப்படுத்துமேயன்றி, யூரியா கரைவதைத் தடுக்காது. ஆகையால் தொட்டிக்கு அது மாத்திரம் போதாது.

மெல்லக் கரையும் உரம்

பிசின் பூசிய குருணை உரத்தில், ஈரம் பூச்சினுள் புகுந்து சத்தைக் கரைக்க, அது சிறிது சிறிதாக வெளிவருகிறது. உஷ்ணம் மிகுந்தால் வேகமும் மிகும். பையில் குறித்த மாதக்கணக்குப் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்திற்குரியது. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் அது முன்னதாகவே தீர்ந்துவிடுமென்று அறிந்து செலவு செய்க.

கைக்கொள்ள வேண்டியவை

1. குருணைகளை நசுக்கலாகாது, பூச்சு உடைந்தால் சத்து ஒரேயடியாக வெளிப்பட்டு வேரைக் கருக்கும்.

2. விலை கட்டாதவர்கள் வேப்பம்பிண்ணாக்கைத் தூளாக்கி, தொழு உரத்துடன் கலந்து இடலாம். அது மக்கிய அளவே சத்து வெளிவரும்.

3. தொட்டியின் கீழ்த் தட்டு வைத்து அளந்து பார்க்கவும். 1 லிட்டர் ஊற்றினால் 100 முதல் 150 மில்லிலிட்டருக்கு மேல் வடியலாகாது. கிணற்று நீர் உவராயின், உப்பு தங்காதபடி இடையிடையே நன்றாக வடிய ஊற்றுதல் அவசியம். அதை உரமிடுவதற்கு முன் செய்க.

4. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கரையும் உரம் இடுவது, பணத்தை மழையில் கரைப்பதாகும்.

கிராமாதிகாரிகள் கவனத்திற்கு

செவிலிமேடு பாலாற்றங்கரையில் உள்ளது. ஆற்றோர மணற்பாங்கான பூமியில் நாற்றுப்பண்ணைகளின் வடிநீர் எளிதில் கீழிறங்கிக் கிணறுகளைச் சேரக்கூடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தத்தில் பிராணவாயு குறைந்து மேனி நீலம் பாரிக்கும். நைட்ரேட் நிறமும் நாற்றமும் அற்றது, காய்ச்சினாலும் நீங்காது. ஆகவே பண்ணைகளுக்கு அருகிலுள்ள குடிநீர்க் கிணறுகளைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்வதும், வடிநீரை வாய்க்காலில் திரட்டி வாழைக்கோ தீவனப் புல்லுக்கோ பாய்ச்சச் சொல்வதும் நலம். தொட்டியில் இழந்த சத்து அங்கே பயிராகும், கிணறும் காக்கப்படும்.