கழுத்துக்குள் ஓர் ஏரிக்கரை

(இறுதியாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஏரிகள் நிறைந்தது நமது திருவள்ளூர் மாவட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும்போது ஊர்ப் பெரியவர்கள் கரைமேல் நடந்து வருவதை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் கரையின் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. நண்டு வளை எங்கே இருக்கிறது, மண் எங்கே இளகியிருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். உயர்ந்த கரை உடையாமல் நிற்பதும், திடமாகத் தோன்றிய கரை ஓர் இரவில் உடைந்துபோவதும் உண்டு என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. இதே உண்மையை மனிதனின் கழுத்துக்குள் கண்டுகொள்ள மருத்துவ விஞ்ஞானத்துக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்வீட்டு மாமா

இதை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் எதிர்வீட்டு மாமா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருட்டாலையில் உலைப் பக்கம் வேலை பார்த்தவர். ஒருநாள் மாலை ஷிப்டு முடிந்து வீடு வந்தவர், இடது கண்ணில் மேலிருந்து திரை இறங்கியதுபோல் இருட்டிவிட்டது என்றார். பத்து நிமிடத்தில் பார்வை திரும்பிவிட்டது. “உலைச் சூடு, வேறொன்றுமில்லை” என்று சொல்லி மறுநாளும் வேலைக்குப் போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது.

பிறகு எடுத்த ஸ்கேனில், இடது பக்கக் கழுத்துத் தமனியில் பாதிக்குச் சற்று மேல் அடைப்பு என்று எழுதியிருந்தது. “பாதிக் குழாய் திறந்துதானே இருந்திருக்கிறது? பின் எப்படி இப்படி ஆயிற்று?” என்று மாமி கேட்டார். இயற்பியல் படிக்கும் என்னிடம் அன்று பதில் இல்லை. அந்தக் கேள்விக்கான விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமனியும் படிவும்

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதமே. ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதத்தை அது பெற்றுக்கொள்கிறது. அதில் பெரும்பகுதியைக் கொண்டுசெல்பவை கழுத்தின் இரு பக்கமும் ஓடும் கரோட்டிட் தமனிகள். தொண்டைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு உயரத்தில் ஒவ்வொரு தமனியும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும், மற்றொன்று மூளைக்கும் கண்ணுக்கும் செல்கின்றன.

ஆறு பிரியும் இடத்தில் ஓட்டம் தளர்ந்து வண்டல் படிவதை நாம் அறிவோம். தமனி பிரியும் இடத்திலும் சுவரோரமாக இரத்தம் சுழன்று மெதுவாக ஓடுகிறது. அந்த இடத்தில்தான் கொழுப்பு படியத் தொடங்குகிறது. புகையிலை, இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகுந்த கொலஸ்டிரால் ஆகியவை இதை விரைவுபடுத்துகின்றன. ஆனால் வண்டலைப்போல் இது மேற்பரப்பில் படிவதில்லை. தமனிச் சுவரின் உட்தோலுக்கு அடியில் சேர்கிறது. நடுவில் கொழுப்பும் இறந்த செல்களும் கலந்த கூழ். அதன்மேல் நார்ப்பொருளாலான மூடி. ஆங்காங்கே சுண்ணாம்புத் துகள்கள். இதுவே படிவின் அமைப்பு.

மூடி தடிப்பாக உள்ளவரை ஆபத்து குறைவு. அது மெலிந்து கிழிந்தால் அந்த இடம் புண்ணாகிறது. உள்ளேயிருக்கும் கூழ் இரத்தத்தில் பட்டதும் தட்டணுக்கள் குவிந்து இரத்தம் உறைகிறது. அந்த உறைகட்டியின் ஒரு துணுக்கு ஓட்டத்தோடு மேலே சென்று கண்ணின் தமனியை அடைத்தால் திரை இறங்குகிறது. மூளையின் தமனியை அடைத்தால் பக்கவாதம் வருகிறது. மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. பெரும்பாலோருக்குப் பேச்சையும் அதுவே ஆள்கிறது. மாமாவுக்கு இடது கண்ணும் வலது கையும் பேச்சும் பாதிக்கப்பட்டதற்கு ஒரே இடத்துப் புண் காரணமாக இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

அடைப்பை அளந்த காலம்

பக்கவாதத்தின் வேர் கழுத்தில் இருக்கலாம் என்பதை 1951-இல் தெளிவாக எடுத்துரைத்தவர் கனடாவின் மில்லர் ஃபிஷர். பக்கவாதத்துக்கு முன்பே சிலருக்குச் சில நிமிடம் கண் இருட்டுவதும் கை மரத்துப்போவதும் நேர்ந்திருப்பதை அவர் கவனித்து எழுதினார். மூளை இரத்தக்குழாய்களை எக்ஸ்-கதிரில் காணும் முறையைப் போர்ச்சுகல் நாட்டு ஈகாஸ் மோனிஸ் 1927-லேயே கண்டறிந்திருந்தார். தமனிக்குள் சாயமருந்து செலுத்திப் படமெடுத்தால் இரத்தம் ஓடும் வழி தெரியும். எவ்வளவு குறுகியிருக்கிறது என்று அளந்துவிடலாம்.

1991-இல் வட அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இந்த அளவுக்கு மதிப்பைத் தேடித்தந்தது. ஏற்கெனவே அறிகுறி தோன்றியவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளோரை ஆராய்ந்தனர். மருந்து மட்டும் உண்டவர்களில் இரண்டாண்டுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் கண்டோர் 26 சதவீதம். படிவை அறுவை செய்து நீக்கிக்கொண்டவர்களில் 9 சதவீதம் மட்டுமே. அன்று முதல் எத்தனை சதவீதம் அடைப்பு என்பதே மருத்துவர்களின் முதற்கேள்வி ஆயிற்று.

ஆனால் சாயமருந்துப் படம் காட்டுவது ஓடும் நீரை மட்டுமே, கரையை அன்று. 80 சதவீத அடைப்போடு பல்லாண்டு நலமாக வாழ்வோரும் உண்டு; 50, 60 சதவீதத்திலேயே படுக்கையில் விழுவோரும் உண்டு. படிவு எவ்வளவு பெரிது என்பதோடு அது எதனால் ஆனது என்பதையும் அறிந்தாக வேண்டும். இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது.

உடைக்காமல் உள்ளே காண்பது

தொழிற்சாலைகளில் வார்ப்படங்களைச் சோதிப்பதை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். வார்ப்பை உடைக்காமலேயே, ‘புளோ ஹோல்’ என்று தொழிலாளர்கள் சொல்லும் காற்றுக்குழி உள்ளே இருக்கிறதா என்று கேளா ஒலியாலும் ஊடுகதிராலும் கண்டுபிடிக்கிறார்கள். கழுத்துத் தமனியைச் சோதிப்பதும் இதே தத்துவத்தில்தான்.

முதலாவது, கேளா ஒலி. 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்ட அழுத்த மின் விளைவே இதன் அடிப்படை. சுண்ணாம்பும் நாரும் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் படத்தில் வெளுப்பாகத் தெரியும். கொழுப்புக் கூழும் உள்ளே கசிந்த இரத்தமும் குறைவாகவே எதிரொலிப்பதால் கறுப்பாகத் தெரியும். கறுத்த படிவே கூடுதல் ஆபத்து உடையது. செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை. ஆனால் சோதிப்பவரின் கைத்திறனைப் பொறுத்தே படம் அமையும். கூழையும் கசிவையும் பிரித்தறிவதும் கடினம்.

இரண்டாவது, சி.டி. ஸ்கேன். காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவியில் 1971-இல் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அவர் பெயராலேயே வழங்கும் அளவுகோலில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு –1000. படிவில் சுமார் 60-க்குக் கீழே இருப்பதைக் கொழுப்பு என்றும், 60 முதல் 130 வரை நார் என்றும், அதற்கு மேல் சுண்ணாம்பு என்றும் கணிக்கிறார்கள். மேற்பரப்பில் ஏற்கெனவே விழுந்த புண்ணின் குழியை இது நன்றாகக் காட்டும். ஆனால் கொழுப்பின் எண்ணும் கசிந்த இரத்தத்தின் எண்ணும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

மூன்றாவது, எம்.ஆர்.ஐ. உடலில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் பம்பரம்போல் தலைசுற்றுகின்றன. 1.5 டெஸ்லா புலத்தில் இது வினாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை. ரேடியோ அலையால் அவற்றைக் குலைத்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் ஒவ்வொரு பொருளும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரே இடத்தை வெவ்வேறு முறைகளில் படமெடுத்து ஒப்பிட்டால், கூழ் எது, மூடி எது, சுண்ணாம்பு எது என்று பிரிக்கலாம். கடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்தினால் நார்மூடி ஒளிரும், கூழ் ஒளிராது. அதனால் மூடியின் தடிப்பு புலப்படும்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. இரத்தத்தின் சிவப்பணுவில் இருப்பது இரும்பு. படிவுக்குள் கசிந்து தேங்கிய இரத்தத்தில் அந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து ஃபெரிக் நிலைக்கு மாறுகிறது. ஆலை வாசலில் மழையில் நனைந்த கம்பியின் துருவிலும் இரும்பு அதே ஃபெரிக் நிலையில்தான் இருக்கிறது. மாறிய இரும்பு அருகிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை விரைவில் பழைய நிலைக்குத் திரும்பச் செய்வதால், கசிவு உள்ள இடம் ஒருவகைப் படத்தில் பளிச்சென வெண்மையாகத் தெரியும்.

புண்ணை முன்னறிய முடியுமா?

அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு விடை தேடினர். 2006-இல் வெளியான அவர்களது ஆய்வில் 154 பேரைச் சராசரியாக 38 மாதங்கள் கவனித்தனர். 50 முதல் 79 சதவீத அடைப்பு இருந்தும் அறிகுறி இல்லாதவர்கள் அவர்கள். மூடி மெலிந்தோ கிழிந்தோ இருந்தவர்களுக்கும், படிவுக்குள் இரத்தம் கசிந்திருந்தவர்களுக்கும் பின்னர் மூளைத் தாக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது.

2010-இல் அதே குழுவினர் புண்ணைப் பற்றியே நேராகக் கேட்டனர். அறிகுறியற்ற 108 பேருக்கு முதலில் ஒருமுறையும், மூன்றாண்டு கழித்து மறுமுறையும் படமெடுத்தனர். தொடக்கத்தில் மேற்பரப்பு சிதையாமல் இருந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் புதிதாகச் சிதைவு உண்டாகியிருந்தது. அதை முன்கூட்டியே சிறப்பாகச் சுட்டிய அடையாளம், தமனிச் சுவரில் கொழுப்புக் கூழ் எத்தனை பங்கை அடைத்துக்கொண்டிருந்தது என்பதே. கரையின் உடைப்பை உள்ளேயிருந்த வளை முன்னறிவித்துவிட்டது!

மாமியின் கேள்விக்கு விடை இதுதான்: குழாய் பாதி திறந்திருப்பது ஒரு கணக்கு, அதை மூடியிருப்பது உறுதியான நாரா, இளகிய கூழா என்பது வேறு கணக்கு.

முடிவுரை

எல்லாப் பக்கவாதமும் கழுத்திலிருந்து வருவதில்லை. இதயத்திலிருந்தும் உறைகட்டி வரும். மூளைக்குள்ளேயே உள்ள தமனிகளின் அடைப்பு நம் நாட்டவர் உள்ளிட்ட ஆசிய மக்களிடம் அதிகம் காணப்படுகிறது. படிவின் உட்கூறு காணும் எம்.ஆர்.ஐ. சோதனையும் இன்னும் எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கத்துக்கு வந்துவிடவில்லை. ஆயினும் அதனால் பெற்ற அறிவு நமக்கு இன்றே பயன்படும். கூழ் நிறைந்த படிவைச் சுருக்க ‘ஸ்டாடின்’ மருந்துகள் உதவுகின்றன. இவ்வகை மருந்தை 1970-களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. பீடி, சிகரெட்டை விடுவதும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் அதே வேலையைச் செய்யும் மற்ற கரங்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே வந்து சோதித்து மருந்து தருகிறார்கள். திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

நண்பர்களே! நம்மில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் ஆலைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். அவர்களில் ஒருவர் கண் சற்று இருட்டியது, கை சற்று மரத்தது, வாய் குழறியது, பிறகு சரியாகிவிட்டது என்று சொன்னால், அதை உலைச் சூடு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சரியாகாமல் நின்றுவிட்டால் 108-ஐ அழையுங்கள்; உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

மாமா இப்போது திண்ணையில் உட்கார்ந்து இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். பேச்சு ஓரளவு திரும்பியிருக்கிறது. இக்கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அந்தப் பத்து நிமிசத்தை எல்லாருக்கும் சொல்லுடா.” சொல்லிவிட்டேன்.