அக்னி மூலையில் அடுப்பு, இடுப்பளவு தண்ணீர்!

அடுக்குமாடி வீடு வாங்கும்போது வாஸ்து பார்க்க வேண்டும், சமையலறை அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்று சகோதரிகள் பலர் சொல்லக் கேட்கிறேன். தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் சமையலறை சரியாகத் தென்கிழக்கு மூலையில்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் அந்த அக்னி மூலையில்தான் தண்ணீர் இடுப்பளவு நின்றது!

பத்து வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்ததை இப்போது எழுதக் காரணம் என் மகள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2014-ல் நாங்கள் நங்கநல்லூரில் வாடகைக்கு இருந்தோம். வருஷா வருஷம் வாடகை ஏற்றும் வீட்டுக்காரர். மாமியாருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. மகள் பதினொன்றாம் வகுப்பு. "சொந்தமா ஒரு கூரை வேணுங்க" என்று தினமும் அவரை அரித்துக்கொண்டே இருந்தேன். குரோம்பேட்டையில் பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை. முடிச்சூர் பக்கம் சதுர அடிக்கு ஆயிரத்துக்கும் மேல் குறைவு. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். தரைத்தளம். காற்று, வெளிச்சம், பெரிய பரண், துணி காயப்போடப் பின்பக்கம் இடம், நடக்கிற தூரத்தில் பிள்ளையார் கோவில். எனக்கு அப்போதே பால் காய்ச்சிவிட்ட மாதிரி இருந்தது.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மழைக்காலத்துல ஒரு தடவை வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாமா?"

"அதுக்குள்ள வேற யாராவது வாங்கிட்டுப் போயிடுவாங்க" என்றேன். பதினாலு பவுன் நகையைக் கழற்றிக் கொடுத்ததும் நான்தான். ஆகவே இந்தக் கதையில் ஏமாந்தது அவர் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அடையாறு என்றால் அடையாறில்தான் ஓடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் எல்லாம் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் அந்த ஆறு கீழே போகிறது என்பது, அது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நவம்பரிலேயே ஒரு முறை தெருவுக்கு வந்து எச்சரித்துவிட்டுப் போனது. டிசம்பர் 1-ஆம் தேதி பெய்தது வேறு மாதிரி மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் என்று பிறகு பேப்பரில் படித்தோம். ராத்திரி பதினோரு மணிக்குக் குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தது. அரை மணியில் கட்டில் கால் மறைந்தது. மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அவரும் பக்கத்து வீட்டுத் தம்பியும் முதல் மாடிக்குத் தூக்கினார்கள். நான் அரிசி டிரம்மைப் பார்ப்பதா, மகளின் பிளஸ் டூ நோட்டுகளைப் பார்ப்பதா என்று நின்றேன். இரண்டும் போயிற்று. வீட்டுப் பத்திரம் மட்டும் பரணில் இருந்ததால் தப்பியது. மூழ்கிய வீட்டின் பத்திரம் நனையாமல் இருந்தது!

மேல் வீட்டு அம்மா மூன்று நாள் எங்கள் ஐந்து பேருக்கும் தன் வீட்டு அரிசியில் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அதுவரை அந்த அம்மாவிடம் நான் சரியாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற இடத்துக்குச் சண்டை.

வெள்ளம் வடிந்த பிறகு சேறு அள்ளியது, சுவரில் பூத்த பூஞ்சை, ஆறு மாதம் போகாத நாற்றம், இதையெல்லாம் அனுபவித்த சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதமும் ஐந்தாம் தேதி பேங்க் தவணையைப் பிடித்துக்கொண்டது. "பேங்க்காரன் லோன் கொடுத்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்று வீடு வாங்கும்போது எங்களிடம் சொல்லாதவர் இல்லை. பேங்க் வக்கீல் பத்திரத்தைத்தான் பார்ப்பார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

அடுத்து 2019 கோடை. சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டு உலகமே பேசியதே, அந்த வருஷம். இடுப்பளவு தண்ணீர் நின்ற அதே வீட்டில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. போர் கைவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கி மாத மெயின்டனன்ஸ் இரட்டிப்பானது. லாரி வரும் நேரம் ராத்திரி இரண்டு மணியானாலும் சம்ப் மூடியைத் திறந்து வைத்துக் காத்திருப்பது யார்? வீட்டில் இருக்கிற நாம்தான். ஆபீஸ் போகிறவர்களுக்கு வீடு என்பது ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும். நமக்குத்தான் அந்தத் தெரு முழு நாளும்.

இனி மகள் கதைக்கு வருகிறேன். அவளும் மாப்பிள்ளையும் சோழிங்கநல்லூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேத்திக்கு ஒன்றரை வயது. பள்ளிக்கரணைக்கும் மேடவாக்கத்துக்கும் இடையில் ஒரு புது அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுப்பதாக ஏற்பாடு. "நீயும் வந்து பாரும்மா" என்று வியாழக்கிழமை என்னைக் கூட்டிப் போனாள்.

அவர்கள் மேலே நீச்சல் குளத்தையும் மாடுலர் கிச்சனையும் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் காலி பாட்டிலோடு கீழே தெருவுக்கு வந்துவிட்டேன். தெருமுனையில் ஓர் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷம் பேச்சுக் கொடுத்தேன்.

"இங்க மழைத் தண்ணி நிக்குமாம்மா?"

"வூடு வாங்கப் போறியாக்கா?" என்று சிரித்தார். "அந்தக் கரண்டுப் பொட்டியப் பாரு. அதுல கோடு தெரியுதா? மிக்ஜாம் புயலப்போ வந்தது. என் வண்டி மூணு நாளு தண்ணியிலதான் கெடந்துச்சு."

2023 டிசம்பர் 4-ஆம் தேதி வந்த மழை. மின்சாரப் பெட்டியில் என் மார்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. அதன்பிறகு தெருவைப் பார்த்தால் எல்லாமே கண்ணில் பட்டது. பழைய வீடுகளின் வாசல்படி ரோட்டுக்குக் கீழே இருந்தது. அப்படியென்றால் ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். எதிர் வீட்டு கேட்டில் பலகை செருகி அடைக்க இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம். ஒரு காம்பவுண்டுச் சுவரில் கீழ்ப் பாதிக்கு மட்டும் புதுப் பெயிண்ட். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, எல்லாம் ஒரே தெருவில்.

தென்சென்னையின் பல ஏரிகளில் இருந்து வழிகிற தண்ணீர் போய்ச் சேருகிற இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று. விளம்பரத்தில் 'இயற்கைக் காட்சி' என்று போட்டிருந்தது. பறவைகளுக்கு நல்ல இடம்தான்.

வாட்ச்மேனிடம் கேட்டுப் போர் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன். குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு பாத்திரத்தில் ஒரே அளவு துவரம்பருப்பு போட்டு, ஒன்றில் எங்கள் தண்ணீர், ஒன்றில் அந்தத் தண்ணீர் ஊற்றி, குக்கர் இல்லாமல் அடுப்பில் வைத்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீரில் பருப்பு மலர்ந்து குழைந்த பிறகும் அது விதை விதையாகவே இருந்தது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்கு விழும். "ஆர்.ஓ. போட்டுக்கலாம்மா" என்றாள் மகள். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க. குழந்தையைக் குளிப்பாட்ட? துணி துவைக்க? வாங்குவதற்கு முன்னால் நீங்களும் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து பாருங்கள் சகோதரிகளே. செலவு ஒரு கைப்பிடிப் பருப்பு.

"மூணாவது மாடிம்மா, தண்ணி எப்படி ஏறும்?" என்பது அவளுடைய பெரிய கேள்வி. தண்ணீர் ஏறாது; ஆனால் நாம் இறங்க முடியாது. 2015-ல் எங்கள் இரண்டாவது மாடிக்காரர்களும்தான் தவித்தார்கள். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது, கைக்குழந்தைக்குப் பால் வாங்க வெளியே போக வழியில்லை. வீட்டை மட்டும் மூன்றாவது மாடியில் வாங்கலாம். தெருவை மாடியில் வாங்க முடியாது.

பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்க்கா என்று கேட்டேன். செப்டிக் டேங்க்தான். அதற்கு லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை விற்கிறவரிடம் கேட்டால் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் லாரிக்காரர் செல் நம்பரே கிடைக்கும். சாயங்காலம் ஏழரை மணிக்கு பஸ் ஸ்டாப்பில் இருந்து மகளைத் தனியாக நடக்க வைத்தேன். விளம்பரத்தில் 'ஐந்து நிமிட நடை'. பதினேழு நிமிஷம் ஆயிற்று, அதில் பாதி தூரம் விளக்கு இல்லை. சுடுகாடு பக்கத்தில் என்று பயந்து நல்ல வீட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும். அது எனக்குக் குறையாகப் படவில்லை. அவர்கள் சத்தம் போடுவதில்லை, தண்ணீருக்குச் சண்டைக்கும் வருவதில்லை.

பத்திர விஷயம் வக்கீல் பார்க்கட்டும். எனக்குத் தெரிந்த இரண்டை மட்டும் சொல்கிறேன். ரெரா சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் கட்டுகிறவர்கள் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அடுத்தது என் தம்பி சொல்லிக் கொடுத்தது: வருவாய்த் துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு 'அ' பதிவேட்டைப் பார்த்தால் அந்த மனை நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா என்று தெரியும். நஞ்சை என்றால் பாசனத் தண்ணீர் பாய்ந்த நிலம். பாய்ந்த தண்ணீருக்குப் பழைய வழி மறக்காது. மகள் பார்த்த இடம் நஞ்சை.

இதையெல்லாம் சொன்னதும் அவள் அழுதுவிட்டாள். "உனக்கு எங்க பாத்தாலும் தண்ணிதாம்மா தெரியுது. ஆபீசுக்கு அங்கிருந்து பதினஞ்சு நிமிஷம். நீ சொல்ற மேட்டுல வாங்கினா ஒன்றரை மணி நேரம். குழந்தை தூங்கின அப்புறம்தான் நான் வீட்டுக்கு வருவேன், பரவாயில்லையா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது பொய்யில்லையே. ஒரு தாய் தன் குழந்தையை விழித்திருக்கும்போது பார்ப்பதற்கு என்ன விலை என்று நான் எப்படிச் சொல்வது? அதே சமயம் நாற்காலியில் தூக்கிப்போன என் மாமியாரின் முகமும் மறக்கவில்லை. மாப்பிள்ளைதான் மெதுவாக, "அத்தை சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார். அதற்கும் அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. "ஐப்பசி வரைக்கும் பொறுக்கறேன். நல்ல மழை பேஞ்ச மறுநாள் மூணு பேரும் போய்ப் பாக்கலாம். தெரு காஞ்சிருந்தா நீ வாயே திறக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். பத்து வருஷத்துக்கு முன் அவள் அப்பா கேட்டதும் இதைத்தான்.

இரண்டு வாரமாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. போன சனிக்கிழமை மாப்பிள்ளை மட்டும் வந்தார். பையில் இருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றில் 'மாடம்பாக்கம்', இன்னொன்றில் 'சேலையூர்' என்று காகிதம் ஒட்டியிருந்தது. "அவளுக்குத் தெரிய வேணாம் அத்தை, பருப்பு போட்டு மட்டும் பாருங்க" என்றார். சேலையூர்த் தண்ணீரில் நன்றாகவே வெந்தது. அங்கேயும் இஸ்திரி வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

– ஒரு வாசகி, மேற்கு தாம்பரம்