விசுவாசமும் துணிவும் – 9: உள்ளுணர்வைச் சோதிக்கும் முறை

காரணத்தை எடுத்துச் சொல்வதற்கு முன்பே மனத்தில் எழுந்துவிடும் முடிவை உள்ளுணர்வு என்கிறோம். நீண்ட பழக்கத்திலிருந்து அது வரலாம். ஆசையிலிருந்தோ அச்சத்திலிருந்தோ வரலாம். எங்கிருந்து வந்தாலும் உள்ளே அது ஒரே உறுதியோடுதான் பேசும். துணிந்து இறங்க வேண்டிய நேரத்தில் அதை எவ்வளவு நம்பலாம் என்ற சிக்கல் இதனால் வருகிறது.

பழக்கத்தில் விளையும் உள்ளுணர்வுக்குக் காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையின் பட்டுத்தறிகள் நல்ல சான்று. பல ஆண்டுகள் தறியில் உட்கார்ந்த நெசவாளிக்குப் பாவின் விறைப்பு விரலிலேயே தெரியும். தவறு நடந்தால் அறுந்த இழை அப்போதே கண்ணில் படும். கை அதிலிருந்து கற்றுக்கொள்ளும். உளவியலாளர்கள் டேனியல் கானமன், கேரி கிளைன் இருவரும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை, நம்பத்தக்க உள்ளுணர்வுக்கு இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது. சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளப் போதிய பழக்கமும், தவறைக் காட்டும் விளைவும் கிடைக்க வேண்டும். தறியில் இரண்டும் உண்டு. அதே நெசவாளி கூலி நெசவை விட்டுவிட்டு, கடன் வாங்கிப் பட்டும் சரிகையும் எடுத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. சரிகை விலையும் முகூர்த்தக் கால விற்பனையும் விரலுக்குத் தெரியாது. இலாபமா நட்டமா என்பது தெரிய மாதக்கணக்கில் ஆகும். அங்கே எழும் உறுதி அனுபவத்தின் குரலா, ஆசையின் குரலா என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

மரபு வைத்த மூன்று சோதனைகள்

கிறிஸ்தவ மரபு இன்னொரு ஊற்றையும் ஏற்கிறது: கடவுளின் ஏவுதல். ஆனால் மனத்தில் தோன்றியதையெல்லாம் அது ஏவுதல் என்று ஒப்புக்கொள்வதில்லை.

முதல் சோதனை வேதம். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்கிறது லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரம். கடவுள் தாங்கிக்கொள்வார் என்று ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனையை இயேசு மறுத்ததை மத்தேயு 4ஆம் அதிகாரம் சொல்கிறது. இவற்றின்படி கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது விசுவாசமும் ஆகாது.

இரண்டாவது காலம். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548இல் போப்பின் ஒப்புதல் பெற்றது. மனம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது அதிலுள்ள விதிகளுள் ஒன்று. ஒரு முடிவை எண்ணும்போது வரும் அமைதியையும் கலக்கத்தையும் தொடர்ந்து கவனிக்கச் சொல்லும் அந்நூல், மனம் அமைதியாக இருக்கும்போது சாதக பாதகங்களை எடைபோடவும் வழி தருகிறது.

மூன்றாவது பிறருடைய கண். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி காவி உடுத்து, சைவ உணவு உண்டு, சந்நியாசியாக வாழத் துணிந்தார். உடன் உழைத்த குருக்களிலேயே சிலர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். வழக்கு கோவாவுக்கும் உரோமுக்கும் போயிற்று. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கும் வரை அவர் தம் முறைக்கு எழுத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு முடிவு கடந்த படிகள்

ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தாவும் தந்தையும் மருத்துவ மிஷனரிகள். ஐடாவுக்கோ அந்த வாழ்க்கையில் விருப்பமில்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாயின் உடல்நலக் குறைவால் 1890இல் திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியைக் காப்பாற்றும்படி ஐடாவைத் தேடி வந்தனர். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அனுப்ப முன்வந்தும் அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். இரவெல்லாம் ஜெபத்தில் கழித்த ஐடா, மருத்துவம் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார்.

இந்த ஏவுதல் பழக்கத்திலிருந்து வரவில்லை. அவருக்கு மருத்துவமே தெரியாது. ஆசையிலிருந்தும் வரவில்லை, அவர் விரும்பிய வாழ்க்கைக்கு அது நேர் எதிர். ஆனாலும் அந்த உறுதியை மட்டும் நம்பி அவர் நோயாளிகளைத் தொடவில்லை. 1895இல் மருத்துவக் கல்வியில் சேர்ந்து, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மருத்துவமனைக்காக நிதி திரட்டியபோது, நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவியின் நினைவாகப் 10,000 டாலர் கொடுத்தார்.

1900இல் வேலூரில் பணி தொடங்கிய சில மாதங்களிலேயே தந்தை இறந்ததால், அனுபவமுள்ள துணையும் போயிற்று. வீட்டிலேயே சிறு அளவில் வைத்தியம் பார்த்துக் கைப்பழக்கம் பெற்ற பிறகு, 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என ஒவ்வொரு படியும் முந்தைய படி நிலைத்த பிறகே வந்தது. இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இப்படி வளர்ந்ததுதான்.

வெற்றி சான்றாகுமா?

முடிவு நன்றாக அமைந்ததால் அழைப்பு உண்மை என்று வாதிட முடியாது. அழைக்கப்பட்டதாக உறுதியாக நம்பித் தோற்றவர்களும் உண்டு. முத்துக்குளித்துறையில் உழைத்த பிரான்சிஸ் சவேரியார் சீனாவுக்குள் நுழையும் எண்ணத்தோடு புறப்பட்டு, 1552இல் அதன் கரைக்கு அருகிலுள்ள தீவிலேயே இறந்தார். அதற்காக அவருடைய அழைப்பைத் திருச்சபை பொய் என்று கொள்ளவில்லை. கிறிஸ்தவ நோக்கில் விசுவாசம் வெற்றிக்கு உத்தரவாதம் தருவதில்லை. தோல்வியைத் தாங்கும் வலுவைத் தருகிறது.

இழப்பு யார் தலையில் விழும் என்பதும் இதனால் முக்கியமாகிறது. ஐடாவும் சவேரியாரும் முதலில் பணயம் வைத்தது தம் வாழ்க்கையை. குடும்பத்தின் வீட்டை அடகு வைத்தோ, சபையாரின் சேமிப்பை வாங்கியோ இறங்கும் துணிவு அப்படிப்பட்டதன்று. அங்கே ஒருவரின் உள்ளுணர்வு மட்டும் போதாது. இழக்கப்போகிறவர்கள் கணக்கை முழுதாகப் பார்த்துச் சம்மதித்திருக்க வேண்டும்.

(தொடரும்)