வலியில்லா வீழ்ச்சி

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் மதுரை வட்டாரத்துப் பெற்றோர் பலர் பங்குத் தந்தையரிடம் கொண்டுவரும் முறையீடு ஒன்று உண்டு. "பையன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருப்பதே இல்லை சாமி, நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்" என்பார்கள். அப்படி எதைத்தான் ஆடுகிறான் என்று கேட்டால், "ஏதோ சைக்கிள் பந்தயம்" என்பதற்கு மேல் விடை வராது. கண்டிப்பதற்கு முன் அறிந்துகொள்வது முறையன்றோ? ஆதலின் அத்தகைய விளையாட்டு ஒன்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

'ரைடர்ஸ் ரிபப்ளிக்' என்பது அதன் பெயர். யுபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2021 அக்டோபரில் வெளியிட்டது. உருவான இடம் ஆல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள அன்னசி நகரம். புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருவுடல் துயில்கொள்ளும் அதே அன்னசிதான்! மறையுண்மைகளைத் துண்டுத்தாள்களில் எழுதி வீட்டுக் கதவிடுக்குகளில் செருகிச் சென்ற அப்புனிதரைத் திருத்தந்தை 11-ம் பத்திநாதர் 1923-ல் எழுத்தாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். இது நிற்க.

இவ்விளையாட்டில் வகுத்த பாதை என்று ஒன்றில்லை. யோசெமிட்டி, சயான், கிராண்ட் டீட்டன் முதலிய அமெரிக்கப் பூங்காக்கள், உண்மையில் வெவ்வேறு மாநிலங்களில் நெடுந்தொலைவு பிரிந்து கிடப்பவை, இங்கே ஒரே நிலப்பரப்பாக ஒட்டித் தைக்கப்பட்டுள்ளன. சிறுவன் மலைச் சைக்கிளில் பாறை விளிம்பில் பாயலாம், பனியில் சறுக்கலாம், இறக்கை உடை அணிந்து பள்ளத்தாக்கில் பறக்கலாம். பல நாடுகளைச் சேர்ந்த 50-க்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் ஒரே சரிவில் முட்டி மோதி இறங்கும் பந்தயமும் உண்டு. யானைமலையும் அழகர்மலையுமே உயரம் என்றறிந்த நம் சமவெளிப் பிள்ளைக்கு அது எத்தகைய வியப்பு! அழகாகவே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2020 செப்டம்பரில் நம் அரசு தடைசெய்த 'பப்ஜி'யைப் போல் இதில் துப்பாக்கி இல்லை. பணயம் வைக்கும் சூதும் இல்லை. ஆனால் ஆட்டத்துக்குள் அலங்கார உடைகளை வாங்க உண்மைப் பணம் கேட்கும். வங்கி அட்டையின் எண்ணைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்த வேண்டாம்.

என் கவலை வேறு. பாறையில் மோதி விழுந்தால், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். காலம் பின்னோக்கிச் சுழலும். விழுந்தவன் விழாதவனாகி மீண்டும் ஓடுவான். நூறு முறை விழுந்தாலும் முழங்காலில் ஒரு சிராய்ப்பு இல்லை.

திரையில் காணும் அதே யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில், 2015 மே 16 அன்று, டீன் பாட்டர் என்னும் புகழ்பெற்ற மலையேறி தம் தோழருடன் இறக்கை உடையணிந்து உச்சியிலிருந்து குதித்தார். பல்லாண்டுப் பயிற்சி உடையவர். இருவரும் பாறையில் மோதி மாண்டனர்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? தைத் திங்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் நம் இளைஞர் காளையின் திமிலைத் தழுவுவதும் உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டே. அங்கே களமிறங்குமுன் மருத்துவர் உடலைச் சோதிக்கிறார். மூன்று துள்ளல், அல்லது 15 மீட்டர், அல்லது 30 வினாடி என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். குத்துண்டவர் மதுரை அரசு மருத்துவமனைக்கு விரைகிறார். திமிலைப் பற்றும் கை அச்சத்தை அறிந்தே பற்றுகிறது. திரை அளிக்கும் துணிவுக்கு இந்த அச்சம் தெரியாது. அதே துணிவுடன் ஒருவன் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு இரவில் சுற்றுச்சாலைக்கு வருவானாயின்? விளையாட்டின் மீதே பழி முழுவதையும் சுமத்துவதற்கில்லை; ஆயினும் வீழ்ச்சியின் வலியை எங்கேனும் பிள்ளை கற்றாக வேண்டும்.

பெற்றோரே, கருவியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவது எளிது. பிள்ளை அடுத்த வீட்டில் போய் ஆடுவான். அதைவிட ஒரு மாலை அவன் அருகில் அமர்ந்து, "எனக்கும் கற்றுக்கொடு" என்று கேளுங்கள். நீங்கள் பத்து முறை விழுவீர்கள், அவன் சிரிப்பான், சிரிக்கட்டும். உடன் ஆடுவோர் யார், எவர் என்பதும் பேச்சோடு பேச்சாகத் தெரியவரும்.

மறுநாள் விடியலில் அவனையும் ஒரு மெய்யான சைக்கிளையும் கூட்டிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் புறப்படுங்கள். சமணர் மலையடிவாரத்துத் தாமரைக் குளக்கரையில், ஆலமர நிழலில் இளைப்பாறலாம். பஞ்சர் ஒட்டும் சாமான்களை மறவாதீர். வழியெங்கும் சீமைக்கருவேல முள் கிடக்கும்.