தைத்தெடுத்த வயற்கொப்பி

மாரிகாலத்தில் ஒருநாள் எங்கள் பங்கு மண்டபத்தில் தாய்மார் சிலர் கூடியிருந்தபோது, வயது முதிர்ந்த அம்மா ஒருவர் தமது ஊர்க் காணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கிணற்றுக்குக் கிழக்கே இரண்டு பனை, அதற்கு அப்பால் தமையனாரின் பங்கு, தெற்கே வண்டில் பாதை. பக்கத்தில் இருந்த பேத்திக்கு இவற்றுள் ஒன்றுமே தெரியாது. அவள் பிறந்தது வாடகை வீட்டில். அந்த ஊரை ஒருமுறைதானும் கண்டதில்லை. சொல்வதை எழுதிவைப்போம் என்று கொப்பி தேடினோம். பிள்ளையின் பள்ளிக் கொப்பியைத் தவிர வேறொன்றும் இல்லை. மண்டபத்து மூலையில் கிடந்த பழைய தாள்க் கட்டு அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது.

தாள்த் தட்டுப்பாடு எமது மக்களுக்குப் புதிய அனுபவமல்ல. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. ஆனால் இன்று எம்மை வருத்துவது வேறு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள்ளும், 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்த குடும்பங்களுள்ளும், காணி உறுதியை எடுத்துவர நேரம் கிடைக்காதவர்கள் பலர். எல்லைகளை நினைவில் வைத்திருந்த பெரியவர்கள் இப்போது ஒவ்வொருவராகக் கண்மூடுகிறார்கள். அவர்களோடு எல்லைகளும் போய்விடுகின்றன.

ஆகவே காசு செலவில்லாமல் ஒரு கொப்பி கட்டும் முறையை இங்கே சொல்கிறோம்.

முதலில் தாள். பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் மிஞ்சிய வெற்றுத் தாள்கள், கலண்டரின் பின்பக்கம், கடைக்காரர் தரும் தடித்த மண்ணிறத் தாள் எல்லாம் உதவும். பத்திரிகைத் தாள் வேண்டாம். அது சில வருடங்களில் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். கந்தோர்களில் ஒருபக்கம் மட்டும் அச்சடித்த தாள் கிடைத்தால், அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி ஒவ்வொன்றாக மடித்து, மடிப்பு வெளியேயும் திறந்த ஓரம் முதுகுப் பக்கமும் வர அடுக்கித் தைக்கலாம். பிறருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள படிவங்களை மட்டும் தொடவேண்டாம்.

வெற்றுத் தாளாயின் ஐந்து தாளை ஒன்றாக நடுவில் மடியுங்கள். இருபது பக்கம் வரும். மடிப்பின் மேல் நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என மூன்று துளை சாக்கு ஊசியால் இடுங்கள். மட்டைக்கும் அதே அளவில் துளை வேண்டும். உள்ளேயிருந்து நடுத் துளையால் ஊசியை வெளியே எடுத்து, மேல்த் துளையால் உள்ளே விட்டு, நடுவைத் தாண்டி நீளமாகக் கொண்டுபோய்க் கீழ்த் துளையால் வெளியே எடுத்து, மறுபடி நடுத் துளையால் உள்ளே கொண்டுவாருங்கள். நூலின் இரு முனையும் அந்த நீள நூலுக்கு இருபுறமும் நிற்கும். அதன் மேலே இறுக்கி முடிச்சிடுங்கள். இப்படி மூன்று கட்டை ஒரே மட்டையின் முதுகில் பக்கம் பக்கமாகத் தைத்தால் அறுபது பக்கம். உரச்சாக்கைப் பிரித்த நூல் நன்றாக உழைக்கும். பருத்தி நூலென்றால், ஆலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டில் இரண்டு மூன்று தரம் இழுத்தெடுங்கள். சிக்காது, ஈரமும் இலகுவில் ஏறாது.

மட்டைக்கு பிஸ்கற் பெட்டி போதும். அதன்மேல் சீமெந்துப் பையின் உள்மடிப்புத் தாளை ஒட்டினால் உறுதியாகும். (பையை வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று உதறவேண்டும்.) முதுகுக்குப் பழைய சாறத் துண்டு.

பசையில்தான் நாம் ஏமாந்தோம். வெறும் கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டிய எங்கள் முதற் கொப்பிகள் ஆறையும் பூச்சி அரித்துவிட்டது. ஒன்றில் ஒரு குடும்பத்தின் முழுக் கணக்கும் இருந்தது. பிறகுதான் புத்தகம் கட்டும் பழைய தொழிலாளி ஒருவர் மயில்துத்தம் சேர்க்கச் சொன்னார். முந்திரிகைக் கொடிக்கு அடிக்கும் போர்டோக் கலவையில் சேர்வதும் அதுவே. ஒரு கரண்டி மாவுக்கு ஐந்தாறு கரண்டி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஆறியபின் ஒரு சிரட்டையில் ஊற்றி ஒரு சிட்டிகை மட்டும் கலவுங்கள். அலுமினியச் சட்டியில் கலந்தால் சட்டியை அரிக்கும். அது நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, கையை நன்றாகக் கழுவுங்கள். கொப்பி வைக்கும் பெட்டியில் காய்ந்த வேப்பிலை அல்லது நொச்சியிலை போடுவதும் நல்லது.

இனி என்ன எழுதுவது? முதற் பக்கத்தில் காணியின் பெயர், பரப்பு, நாற்புற எல்லைக்காரர், உறுதியின் இலக்கம், திகதி, முடித்த நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். இவ்விபரங்கள் இருந்தால் அங்கே தேடுவது இலகு. அனுமதிப்பத்திரக் காணியென்றால் அதன் இலக்கத்தை எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கொப்பி உறுதியாகாது. அதைக் காட்டிக் காணி கேட்கமுடியாது. ஆனால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று அது சொல்லும்.

அடுத்த பக்கங்களில் காலபோகம், சிறுபோகம் என்று பிரித்து, எந்த நெல் எந்த மண்ணுக்கு ஒத்தது என்பதை எழுதலாம். மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் விதைத்த கைகள் இன்னும் நம்மிடையே உள்ளன. கடைசி மட்டையில் பழைய கடித உறையொன்றை ஒட்டினால் பற்றுச்சீட்டுகளை வைக்கலாம். இப்போது கடைகளில் தரும் வழுவழுப்பான பில் சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால் தொகையைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலே சிறந்தது. வெள்ளத்தில் நனைந்தாலும் அதன் எழுத்துக் கரையாது; மைப்பேனை கரைந்துவிடும்.

அந்த அம்மாவின் கொப்பியைப் பேத்தியே எழுதுகிறாள். இதுவரை பதினொரு பக்கம் நிரம்பியுள்ளது. வடக்கு எல்லைக்காரரின் பெயர் மட்டும் அம்மாவுக்கு வாயில் வருகுதில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். வவுனியாவில் இருக்கும் அவ்வூரவர் ஒருவர் மாத முடிவில் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.